மாத்திரை கொடுக்க வரும் பெண் இன்னும் பத்து நிமிடம் உட்காரட்டும்

வயதானவர்களின் தனிமை பற்றிப் பேச்சு வந்தாலே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி கூட்டுக்குடும்பம் போச்சு, திண்ணை போச்சு என்று புலம்பும். இன்னொரு கட்சி, பிள்ளைகள் வாரம் ஒருமுறை வீடியோ காலில் முகம் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும். திண்ணைக் கட்சியிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும், அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? ஆம்பளைகள். அதிலும் எல்லாச் சாதி ஆம்பளைகளும் இல்லை. புருஷன் செத்த பெண்ணை வளைகாப்பு நடக்கும் இடத்துக்கு வரவிடாமல் அடுப்படியிலேயே நிறுத்தி வைத்ததும் அதே கூட்டுக்குடும்பம்தான். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் பேச ஆளில்லாமல் கிடந்த பாட்டிகள் எல்லோர் குடும்பத்திலும் உண்டு.

என் கட்சி வேறு. இந்தத் தனிமையில் பாதி, சுகாதாரத் துறை சரிசெய்ய வேண்டிய விஷயம். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

என் பெரியம்மா புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். எண்பதைத் தொட்டாயிற்று. ஒரு மகன் சிங்கப்பூர், இன்னொருவன் திருப்பூர், காசுக்குக் குறையில்லை. கொஞ்ச காலமாக எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. பெரியம்மாவுக்குத் தலைக்கனம் கூடிப்போச்சு என்று சொந்தத்தில் பேச்சு. விஷயம் என்னவென்றால் அவருக்குக் காது கேட்கவில்லை. நாலு பேர் பேசிச் சிரிக்கும்போது இவரும் சேர்ந்து சிரித்து வைப்பார், எதற்கென்று தெரியாது. ஒரு துக்க வீட்டில் அப்படித் தப்பான நேரத்தில் சிரித்துவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்க்க, அன்றோடு வெளியே போவதை நிறுத்திவிட்டார். இன்னொன்று, இருமினால் தும்மினால் சிறுநீர் கசியும். கல்யாண மண்டபத்தில் பாத்ரூம் எங்கே இருக்கிறது, படியேறிப் போகணுமா, குத்தவைத்து உட்காரும் டாய்லெட்டா என்று தெரியாமல் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் எப்படிக் கிளம்புவார்? இதை மகனிடம் சொல்லமாட்டார். கூட்டம் நெருக்கும் ஓபியில் டாக்டரிடமும் சொல்லமாட்டார். கால் வலி என்று மட்டும் சொல்லி ஒரு கால்சியம் மாத்திரையோடு திரும்பி வருவார். இவருக்குப் போய் தியானம் பண்ணுங்கள், நேர்மறையாக யோசியுங்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்!

காது, முழங்கால், சிறுநீர்ப்பை, பல்செட். இந்த நாலையும் கவனித்தால் பாதிப்பேர் தாமாகவே வெளியே வருவார்கள் என்பது என் கணிப்பு. கண்ணுக்கு நாம் செய்து காட்டியிருக்கிறோமே. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமம் கிராமமாக முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய், ஆபரேஷன் பண்ணித் திருப்பி அனுப்பியது. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டாது என்று 1992-ல் லென்ஸையே இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். காதுக்கு இந்த அளவில் எதுவும் நடக்கவில்லை. மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் 2017 முதல் ஏழை முதியோருக்குக் காது மிஷின், பல்செட், ஊன்றுகோல் தருகிறார்கள், நல்லதுதான். ஆனால் காது மிஷினைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தால் போதாது. காதுக்கு ஏற்றபடி சத்தத்தை அமைத்து, பழக்கிவிட்டு, பேட்டரி தீர்ந்தால் எங்கே வாங்குவது என்று சொல்லி, ஒரு மாதம் கழித்து யாராவது வந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் "ஒரே இரைச்சலா இருக்கு" என்று கழற்றி பீரோவில் வைத்துவிடுவார்கள்.

மிச்சப் பாதி ஆட்கள் சம்பந்தப்பட்டது. அதற்கும் நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உங்களுக்குத் தெரியும். மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்களே வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். 2024-ல் ஐ.நா. விருதுகூட வந்தது. பெரியம்மா வீட்டுக்கு வரும் பெண் வாசலிலேயே "ஆத்தா, மாத்திரை ஒழுங்கா போட்டியளா?" என்று காதுக்கருகே வந்து கத்துவாள். பெரியம்மா பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் கட்டிலில் பரப்புவார். தீர்ந்தது எது, மிச்சம் எது என்று அவள் பார்க்கும்போதே மருமகள் கதை, கோழி காணாமல் போன கதை எல்லாம் ஓடும். கையில் பட்டையைச் சுற்றியதும் "பேசாம இரு ஆத்தா, பேசினா பிரஷர் ஏறும்" என்பாள். பெரியம்மா அரை நிமிடம் அடங்கி இருந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அவள் வரும் நாளை காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் நாங்கள் யாரும் சொன்ன தேதிக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதிவேட்டில் ஏறுவது பிரஷர் அளவும் மாத்திரைக் கணக்கும்தான். அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குக் கணக்கு கிடையாது. கணக்கில் வராத வேலையைத்தான் அவசரத்தில் முதலில் வெட்டுவோம். பேச்சையும் வேலையாக எழுதுங்கள் என்கிறேன். கடைசியாக வீட்டைவிட்டு வெளியே போனது எப்போது, காது கேட்கிறதா, பேச ஆள் இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டு, பதில் சரியில்லை என்றால் அடுத்து யாரிடம் சொல்வது என்பதும் முடிவாகி இருக்க வேண்டும். கசிவுக்கு இடுப்புத்தசைப் பயிற்சி சொல்லித்தர, ஏற்கெனவே வருகிற பிசியோதெரபிஸ்டே போதும். அந்தப் பெண்களுக்கு வீடுகளைக் குறைத்து, கையில் வருவதைக் கூட்ட வேண்டும். ஊக்கத்தொகை என்று பெயர் வைத்துக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு, அன்பாகவும் பேசு என்று கேட்டால் நியாயமில்லை.

எல்லாவற்றையும் அரசு ஊழியரே செய்ய வேண்டியதில்லை. பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய வலி தணிப்பு சிகிச்சை, பிறகு மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்கள் கைக்குப் போனது. கடைக்காரர், மாணவர், ஆட்டோக்காரர் என்று வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, நர்ஸோடு வீடுகளுக்குப் போனார்கள். நர்ஸ் புண்ணுக்கு மருந்து போடுவார், இவர்கள் வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்ப்பார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். 2008-ல் அதையே மாநில அரசு கொள்கையாக்கி ஊராட்சிகளிடம் கொடுத்தது. பிரிட்டனில் அதற்குப் பத்து வருடம் கழித்து, 2018-ல்தான் தனிமைக்கென்று ஒரு அமைச்சர் போட்டார்கள். அங்கே டாக்டரே நோயாளியைத் தோட்டக் குழுவுக்கோ பாட்டுக் குழுவுக்கோ அனுப்பிவைக்கும் ஏற்பாடும் உண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் அனுப்பிவைக்க அந்த ஊரில் ஒரு குழு இருக்கணும்.

நம் கிராமத்துக் கிழவிகளுக்கு இருந்த ஒரே குழு நூறு நாள் வேலைதான். மரத்தடியில் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசுகிறார்கள், சம்பளம் தண்டம் என்று மீம் போடுகிறீர்களே, அறுபது எழுபது வயதுப் பெண் காலையில் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு, தன் வயதுக்காரிகளோடு போய்ப் பேசி, வேலையும் பார்த்து, கையில் சொந்தக் காசோடு வீடு திரும்ப வேறெந்த இடம் இருந்தது?

உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2025 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உலகத்தில் ஆறில் ஒருவருக்குத் தனிமைப் பிரச்சினை, வருடத்துக்கு சுமார் 8.71 லட்சம் மரணத்துக்கு அதோடு தொடர்பு என்கிறார்கள். பதின்பருவப் பிள்ளைகளிடமும் இது அதிகம் என்கிறது அறிக்கை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கடைசியாக ஒரு தகவல் வேண்டும். நகரங்களில் முதியோருக்காக 25 இடங்களில் அன்புச்சோலை என்று பகல்நேர மையங்கள் தொடங்குவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், கூட்டிவர வண்டி உண்டா, பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள். எங்கள் ஊரில் சேவை மையக் கட்டடம் ஒன்று பூட்டியே கிடக்கிறது, முதியோர் கூடி உட்கார அதைத் திறந்துவிடச் சொல்லி, அடுத்த கிராம சபையில் அந்தச் சாவியைக் கேட்கலாம் என்று இருக்கிறோம். அவசரத்துக்கு முதியோர் உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. மனசு சரியில்லை என்றால் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம். பாட்டி தாத்தா போனில் பெரிய எழுத்தில் சேமித்துக் கொடுங்கள்.