பெயர் ஒத்துப்போனால் ஆளும் அவரா?

பாய் விஷயம்தான். எனக்குச் சரக்கு தருபவரை, தடைப் பட்டியலில் பெயர் ஒத்துப்போகிறது என்று ஒரு பெரிய கம்பெனி நிறுத்தி வைத்திருக்கிறதே, அதுதான். போன வாரப் பதிவைப் படித்தவர்களுக்குத் தெரியும். இன்றோடு 23 நாள். ‘ரிவ்யூவில் இருக்கிறது’ என்று அதே பதில்.

திரும்பவும் சொல்கிறேன், பெயர் ஒத்துப்போவது வேறு, ஆள் ஒத்துப்போவது வேறு. அம்பத்தூரில் என் பட்டறைக்கு ரப்பர் புஷ் தருபவர் மண்ணடி பாய். என்னிடம் பாகங்கள் வாங்கும் பெரிய கம்பெனி, எனக்குச் சரக்கு தருபவர்களையும் அமெரிக்கத் தடைப் பட்டியலில், அதாவது இவர்களோடு வியாபாரம் கூடாது என்று அமெரிக்க நிதித்துறை போட்டிருக்கும் பட்டியலில், தேடியது. தேடட்டும். ஆனால் மாட்டியது பாய் பெயர்கூட இல்லை, அவருடைய வாப்பா பெயர்! நமக்கு ஏது சர்நேம்? கம்பெனி படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் நகராது என்பதால் இனிஷியலை விரித்து எழுதினார் மனிதர். மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்து, 1985 தீயில் அதைப் பறிகொடுத்து, செத்து இருபது வருடமான பெரியவர் இப்போது உலகப் பாதுகாப்புக்கு ஆபத்து.

நானும் அதே கட்டத்தில் அப்பா பெயரைத்தான் எழுதினேன். சுப்பிரமணியம். அன்றைக்கே ஓகே ஆகிவிட்டது. ‘மதத்தை இழுக்காதே’ என்று கிளம்பாதீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

‘அபராதம் விழுந்தால் நீயா கட்டுவாய்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தடை விழுந்தவரோடு வியாபாரம் தெரியாமல் நடந்திருந்தாலும் அமெரிக்க நிதித்துறை அபராதம் போடலாம். பயம் புரிகிறது. ஆனால் அதே பட்டியலில் பல பெயர்களுக்குப் பக்கத்தில் பிறந்த தேதி, ஊர், பாஸ்போர்ட் எண் எல்லாம் எதற்குப் போட்டிருக்கிறார்கள்? ஒப்பிட்டுப் பார்க்கத்தானே! பெயர் மட்டும் ஒத்தால் போதாது, மற்ற விவரங்களையும் பாருங்கள் என்று அந்தத் துறையே சொல்கிறது. பாயின் பான், ஜிஎஸ்டி, ஆதார் எல்லாம் கம்பெனியிடம் இருக்கிறது. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று. தடை விழுந்தவர்களுக்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், பட்டியலில் பெயரே இல்லாத கம்பெனிக்கும் தடை பொருந்தும். அதைப் பெயர் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, முதலாளி யார் என்று தோண்ட வேண்டும். அந்த வேலைக்கு யாரையும் காணோம். நிஜத் திருடன் புதுப் பெயரில் கம்பெனி ஆரம்பித்துப் போய்க்கொண்டே இருப்பான். மண்ணடிக் கிழவர் மாட்டுவார், அதுவும் கபரில் இருந்துகொண்டு.

‘சரி, வேறு சப்ளையரைப் பாரேன்’ என்று நேற்று ஒரு நண்பர். கொரோனா சமயத்தில் என் பட்டறை மூடிக்கிடந்தபோது ஐந்து மாதம் பில்லே கேட்காதவரை விட்டுவிட்டா? எழுதும்போதே கை நடுங்குகிறது, விடுங்கள்.

காலையில் பாய் போன் செய்தார். “தம்பி, கார்ப்பரேஷன்ல வாப்பாவோட டெத் சர்டிபிகேட் வாங்கிட்டேன். கலர்ல ஸ்கேன் பண்ணணுமா, பிளாக் அண்ட் ஒயிட் போதுமா?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.