மணியின் வயது வேறு, படிவின் வயது வேறு
மணற்கல்லிலுள்ள சிர்கோன் என்ற கனிமத்தின் சிறு மணி 55 கோடி ஆண்டு காட்டுவதால் மன்னார்ப் படுகையும் (இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலடியில் படிவு நிறைந்த பள்ளம்) அவ்வளவு பழையது என்று ஒரு கட்டுரை சொல்வது சரியாகப் படவில்லை. அது மணி பழைய பாறைக்குள் பிறந்த வயது. படிவு அதைவிட இளையது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. போன மாரியில் வன்னி வழியே வரும் அருவியாறு எங்கள் பக்கம் கொட்டிய மணலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும் 55 கோடி, 100 கோடி என்றுதான் வரும். வன்னியின் பழம்பாறை உடைந்த மணல்தானே! படுகை உண்டானது கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே புவியின் மேலோடு இழுபட்டு மெலிந்து தாழ்ந்ததால். அப்புறம், 'படுகையின் வயதுக்குச் சிர்கோனை விட்டால் வேறு எதை நம்புவது?' என்று கேட்டவருக்கு: துளைக்கிணற்றுப் படிவில் அகப்படும் மகரந்தமும் நுண்ணுயிர்ச் சுவடுகளும் படிந்த காலத்தையே சொல்லும்.