பேப்பர் எத்தனை என்று மட்டும்தான் கேட்கிறோம்

போன வாரம் எங்கள் துறையில் ஓர் ஆய்வு மாணவிக்கு அரையாண்டு ஆய்வுக்குழுக் கூட்டம். ஆற்று நீரில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று மூன்று வருடமாக மாதிரி எடுத்து வருகிறவர். மழைக்காலம், கோடை இரண்டும் கடந்தால்தான் ஒரு வருடக் கணக்கே முடியும். முதல் படத்தைப் போட்டு அவர் வாய் திறப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது: "பேப்பர் எத்தனை போட்டிருக்கீங்கம்மா?"

"ஒண்ணு அனுப்பியிருக்கேன் சார், ரிவ்யூல இருக்கு."

திரையில் பாயின்டரின் சிவப்புப் புள்ளி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஈயத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கேட்டிருக்க வேண்டும்.

இதழ்களில் வரும் ஆய்வுக் கட்டுரைகளை, அதாவது பேப்பர்களை, எண்ணவும் எடைபோடவும் நம்மிடம் வழிக்குப் பஞ்சமில்லை. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பேக்ட் ஃபேக்டர், ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஒரே எண்ணாக்க 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த எச் இன்டெக்ஸ், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் படிவம், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசை என்று அடுக்கலாம். இந்த எண்ணிக்கை ஆளை என்ன பாடு படுத்துகிறது என்பதையும் அளக்க முடியும். நெதர்லாந்தில் அதற்கென்றே ஒரு கேள்வித்தாள் உருவாக்கியிருக்கிறார்கள். மன அழுத்தம் எவ்வளவு, இந்தப் பிரசுர முறையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், தாங்குவதற்குத் துணை இருக்கிறதா என்று மூன்று கோணத்தில் கேட்கிறது. ஆம்ஸ்டர்டாமின் நான்கு கல்வி நிறுவனங்களில் இதை வைத்து எடுத்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அழுத்தம் அதிகம் தெரிந்தது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களிடமும் உதவிப் பேராசிரியர்களிடமும். ஆய்வு மாணவர்களிடம் தெரிந்த குறை வேறு: தாங்கிக்கொள்ளத் துணை போதவில்லை. அந்த வரியைப் படித்ததும் எனக்கு அந்தச் சிவப்புப் புள்ளிதான் கண்முன் வந்தது.

இங்கே அழுத்தம் எங்கே போய் முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். "ஏழே நாளில் பிரசுரம், சான்றிதழ் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வராத ஆய்வு மாணவர் இருக்கிறாரா? 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., தான் அங்கீகரித்த ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. அவற்றில் பணம் கட்டி எழுதியவர்களின் நிலை என்ன என்று யார் விசாரித்தார்கள்? ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது. நல்ல முடிவு. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை அப்படியே வைத்திருக்கின்றன. வேலைக்கான நேர்காணலிலும் முதல் கேள்வி அதுதான்.

என் கோரிக்கை சின்னது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக்குழு கூடத்தான் போகிறது. அப்போது ஆய்வு மாணவர்களுக்கு இப்படி ஒரு கேள்வித்தாளையும் கொடுங்கள். பெயர் வேண்டாம். நெறியாளர் கையில் போகக் கூடாது, நூலகத்தில் ஒரு பெட்டி வைத்து அதில் போடச் சொல்லுங்கள். துறைவாரியாக வருகிற கணக்கை வருடா வருடம் வெளியிடுங்கள், கட்டுரை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே.

அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து. ஈயத்தைப் பற்றிய முதல் கேள்வியை நான் கேட்பேன்.