பள்ளித் தோட்டமா? முதலில் சமையலறைக்குப் போங்கள்

இல்லாதவர்களுக்குக் கொடுக்கவென்று பள்ளியில் தோட்டம் போடுகிறீர்களா? விதை வாங்கும் முன், விளைந்ததை வாங்கிச் சமைக்கப்போகிறவர்களிடம் கேளுங்கள்: எந்தக் காய் வேண்டும், ஒரு தடவைக்கு எத்தனை கிலோ, எந்தக் கிழமை. பதில் தெரிந்த பிறகு மண்வெட்டியை எடுத்தால் போதும்.

பத்து வகைச் செடியில் ரெண்டு ரெண்டு நடுவது பாடத்துக்கு நல்லது, அடுப்புக்கு உதவாது. நாலு தக்காளியையும் ஆறு வெண்டைக்காயையும் வைத்துக்கொண்டு சமைக்கிறவர் என்ன செய்வார்? 3 அடி அகலம், 10 அடி நீளப் பாத்தி முழுக்கக் கீரை மட்டும் போட்டால், நன்றாக வந்தால் ஏறக்குறைய 3 கிலோ கிடைக்கும். கால் கிலோ கட்டாகப் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குப் போகும். அகலம் 3 அடியைத் தாண்ட வேண்டாம். நடுப்பாத்தி கைக்கு எட்டாவிட்டால் பிள்ளைகள் உள்ளே ஏறி மிதிப்பார்கள், மண் இறுகிவிடும்.

மண்ணைக் கொத்தி 2 அங்குல உயரத்துக்கு மட்கிய எரு பரப்பிக் கலக்குங்கள். பாத்திக்குச் சுமார் 140 லிட்டர் பிடிக்கும். பச்சைச் சாணம் கூடவே கூடாது. அதில் நோய்க்கிருமிகள் உயிரோடு இருக்கும். தெரியாமல் போட்டிருந்தால், மண்ணைத் தொட்டு வளரும் பயிரை 120 நாளாவது கழித்துத்தான் அறுக்க வேண்டும். இதைச் சாப்பிடப்போவது முதியவர்களும் சின்னக் குழந்தைகளும் என்பதை மறக்காதீர்கள். பழைய கட்டடத்துச் சுவரை ஒட்டியும் பாத்தி வேண்டாம், உதிர்ந்த பெயின்டிலிருந்த ஈயம் அந்த மண்ணில் இருக்கலாம்.

முளைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. வெறுமனே வீசினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும், நெருக்கத்தில் நாற்று அடியழுகிச் சாயும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்து தூவி, மேலே லேசாக மண் போட்டு, பூவாளியால் தண்ணீர் விடுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். 25 முதல் 30 நாளில் அறுக்கலாம். வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால் வாராவாரம் கொடுக்க முடியும்.

வெண்டை போட ஆசைப்பட்டால், இரண்டு நாளுக்கொரு முறை பறிக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை விட்ட பிஞ்சு திங்கட்கிழமை நாராகி நிற்கும். நம் வீட்டில் சமைக்காததை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது.

தோட்டம் காய்வது விடுமுறையில்தான். ஒரு பாத்திக்கு வாரம் 70 லிட்டராவது தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் கூடும். "யாராவது ஊற்றுவார்கள்" என்று விட்டால் யாரும் ஊற்ற மாட்டார்கள். நாளும் பெயரும் போட்ட பட்டியல் தயாராக இல்லையா, விடுமுறைக்கு முன்பே அறுவடை முடிகிற மாதிரி விதையுங்கள். பிறகு வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி மூடிவிடலாம்.

அறுவடையை வெயில் ஏறும் முன் முடித்து, மண்ணை உதறி, ஈரத்துணி போர்த்தி, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். எடை போட்டுக் குறித்து வைப்பது பிள்ளைகள் வேலையாக இருக்கட்டும். கேட்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, சமைக்காமல் மிஞ்சியது எது என்று மூன்று பத்தி போதும். அடுத்த விதைப்பை அந்த நோட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.