ஒற்றை இலையைக் கிள்ளி மரத்துக்குப் பெயர் வைக்காதீர்கள்

ஊரில் வேம்பும் புளியும் முருங்கையும் பார்த்து வளர்ந்த நமக்கு, பெங்களூர் வந்ததும் மரங்களில் குழப்பம் வருவது இயல்புதான். அல்சூரிலோ ஜெயநகரிலோ வீட்டுப் பின்னால் நிற்பது தென் அமெரிக்க ஜகரண்டாவாக இருக்கலாம், மடகாஸ்கர் குல்மோஹராக இருக்கலாம், ஆஸ்திரேலிய சில்வர் ஓக்காகவும் இருக்கலாம். உடனே ஓர் இலையைக் கிள்ளி கூகுள் லென்ஸில் காட்டுகிறார்கள். பெயர் தப்பாக வந்தால் ஆப்பைத் திட்டுகிறார்கள். பல நேரம் அதற்குக் காட்டியது முழு இலையே கிடையாது.

வேப்பங்கொத்தில் நாம் உருவுவது சிற்றிலை. ஈர்க்கோடு சேர்ந்த மொத்தமும்தான் ஓர் இலை. சந்தேகமா? காம்பு கிளையோடு சேரும் கக்கத்தை உற்றுப் பாருங்கள். அங்கே கடுகளவு மொட்டு இருந்தால் இலை தொடங்குவது அந்த இடத்தில். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. முதலில் இதைப் பார்க்காவிட்டால் பிறகு பார்ப்பதெல்லாம் வீண். வேம்பில் ஒரே ஈர்க்கு. அந்த ஈர்க்கே மறுபடி கிளை பிரிந்தால் அது மலைவேம்பு வகை.

அடுத்தது, இலைகள் கிளையில் எதிரெதிராக ஜோடி சேர்ந்திருக்கின்றனவா, மாறி மாறி வருகின்றனவா என்பது. பூ இல்லாத மாதங்களில் ஜகரண்டாவையும் குல்மோஹரையும் பிரிக்க இது ஒன்றே போதும். ஜகரண்டாவில் எதிரெதிர், சிற்றிலை நுனி கூர், கடைசிச் சிற்றிலை மட்டும் பெரிது. குல்மோஹரில் மாறி மாறி. சிற்றிலை நுனி மழுங்கல். இயல்வாகை குல்மோஹரைப் போலவே ஏமாற்றும், ஆனால் அதன் தளிரிலும் மொட்டிலும் துருநிற ரோமம் இருக்கும். தூங்குமூஞ்சியின் சிற்றிலைகள் கோணலாக, நுனிப்பக்கம் போகப் போகப் பெரிதாகும், சாயங்காலம் மடங்கிக்கொள்ளும். புங்கையில் பெரும்பாலும் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள், நுனியில் ஒற்றையாக நிற்பதுதான் பெரிது.

சிற்றிலைகளாகப் பிரியாத தனி இலை மரங்களில் நரம்பைப் பாருங்கள். நாவல் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், விளிம்பை ஒட்டியே ஒரு மெல்லிய நரம்பு சுற்றி ஓடுவது தெரியும். மருதில் காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சிறு புடைப்புகள் இருக்கும். அலையலையான விளிம்புள்ள தனி இலை என்றால் அது நெட்டிலிங்கமாக இருக்கலாம். அதை அசோகம் என்று விற்பவர்களை என்ன சொல்ல! நிஜ அசோகுக்குச் சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை.

பட்டையை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். வயதோடு அது மாறும். இளம் மரத்தில் வழவழப்பு, முதிர்ந்ததில் வெடிப்பு. அடிமரத்தில் சுண்ணாம்பும் மழைக்காலப் பாசியும் வேறு மூடியிருக்கும். ஆகவே நெஞ்சுயரத்தில், சுமார் 1.3 மீட்டரில் பாருங்கள்: வெடிப்பு நெடுக்கிலா, கட்டம் கட்டமாகவா? செதிலாக உரிகிறதா? மருதும் கொய்யாவும் உரியும். தூங்குமூஞ்சியில் கருத்து, சொரசொரத்து, நெடுக்கில் வெடிக்கும். கத்தியால் மட்டும் சீவிப் பார்க்காதீர்கள். அடியில் இருப்பது உயிருள்ள அடுக்கு, காயம் பட்டால் பூஞ்சை ஏறும். பால் வருமா என்று தெரிய ஓர் இலைக்காம்பை ஒடித்தாலே போதும். பால் வந்து, கணுவில் வளையத் தழும்பும் இருந்தால் ஆல், அரசு, அத்தி குடும்பம் என்று தேடலாம். அரளியிலும் பால் வரும், அது விஷம். வாயில் வைக்காதீர்கள், கையைக் கழுவுங்கள்.

இலையை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெட்டிய அடிமரத்தில் துளிர்த்த கிளையில் இலைகள் அளவுக்கு மீறிப் பெரிதாக, சில சமயம் வடிவமே வேறாக இருக்கும். வெயில் படும் முதிர்ந்த கிளையில் மூன்று நான்கு இலைகளை ஒப்பிடுங்கள்.

பெயர் தெரியாமல் வெட்டவும் இறங்கிவிடாதீர்கள். கர்நாடகாவில் 1976 மரப் பாதுகாப்புச் சட்டப்படி, விலக்கு பெற்ற சில இனங்களைத் தவிர மற்றவற்றுக்கு மர அதிகாரியின் அனுமதி வேண்டும், மரம் உங்கள் காம்பவுண்டுக்குள்ளே நின்றாலும்.

கோடையில் இலை கொட்டிப்போயிருந்தால் கீழே காய் தேடுங்கள். ஜகரண்டா காய் வட்டத் தட்டை, குல்மோஹர் காய் இரண்டடி வரை நீளும், இயல்வாகைக் காய் விரல் நீளத்தில் செம்பு நிறம், புங்கங்காயில் பெரும்பாலும் ஒரே விதை.