குச்சி பிழைத்தது, தோட்டம்?

பழைய பழத்தோட்டம் ஒன்று அழியும்போதெல்லாம் ஒரு சமாதானம் சொல்கிறார்கள்: "ஒட்டுக்குச்சி எடுத்து வேறு இடத்தில் கட்டியாகிவிட்டது, ரகம் பிழைத்துவிட்டது." அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆப்பிளை விதை போட்டு மீட்க முடியாது. முளைத்து வருவது வேறொரு மரம். பழைய மரத்தின் குச்சியை வேறொரு செடியின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டினால்தான் அதே பழம். இங்கிலாந்தின் பிராக்டேலில் உள்ள தேசியப் பழ ரகத் தொகுப்பில் 2,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்கள் இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன.

சரி, ரகம் இருக்கிறது. தோட்டம்?

கலிஃபோர்னியாவின் மன்சனாரைப் பாருங்கள். 1910 வாக்கில் குடியேறியவர்கள் அங்கே ஆப்பிளும் பேரியும் நட்டார்கள். நிலத்தையும் தண்ணீர் உரிமையையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வாங்கிக்கொள்ள, ஊர் காலியானது. 1942-இல், இரண்டாம் உலகப்போரின்போது, அதே இடத்தில் முள்வேலி போட்டு, 10,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்தார்கள். காய்ந்து கிடந்த மரங்களைக் கவாத்து செய்து, தண்ணீர் பாய்ச்சி, மறுபடி காய்க்க வைத்தது அவர்கள்தான். அங்கே நட்ட பேரிகளில் பார்ட்லெட்டும் உண்டு. பார்ட்லெட் எந்த நாற்றுப்பண்ணையிலும் கிடைக்கும் ரகம். ரகக் கணக்குப்படி அந்த மரங்களை வெட்டினால் நஷ்டமே இல்லை! இந்தக் கணக்கோடுதான் எனக்குச் சண்டை.

அதனால்தான் முதலில் வரைபடம் வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண், வரிசைக்கு வரிசை இடைவெளி, அடித்தண்டின் சுற்றளவு, ஒட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்த வடிவத்தில் கவாத்து செய்திருக்கிறார்கள், தண்ணீர் எந்த வாய்க்காலில் வந்தது. மரம் செத்துப்போன காலி இடங்களையும் குறிக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் நட்ட கணக்கு புரியாது. பழத்தை முழுதாக ஒன்று, குறுக்கே வெட்டி ஒன்று எனப் படம் எடுங்கள். எண் தகட்டைக் கம்பியால் கிளையில் இறுக்கிக் கட்டாதீர்கள், கிளை பருக்கும்போது கம்பி உள்ளே அறுத்துவிடும்.

இன்னொரு பொறி. ஒட்டுக்கு மேலே மரம் பட்டுப்போய், அடியில் வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு வேர் தந்த செடி, துளிர்த்து வளர்ந்திருக்கும். பார்க்கப் பழைய மரம் போலவே நிற்கும். அதிலிருந்து குச்சி எடுத்து, பழைய பெயரை எழுதி வைத்தால் காப்பாற்றியது வேறு எதையோ.

பெயர் என்றதும் பிராம்லி ஆப்பிள் ஞாபகம் வருகிறது. 1809-இல் இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் விதை போட்டது மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி. பிறகு அந்த வீட்டை வாங்கியவர் மேத்யூ பிராம்லி, கசாப்புக் கடைக்காரர். ஒட்டுக்குச்சி கேட்டு வந்த நாற்றுப்பண்ணைக்காரரிடம், என் பெயர்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூல மரத்துக்கு இப்போது பூஞ்சை நோய். ஒட்டுகள் எங்கும் இருப்பதால் ரகத்துக்கு ஆபத்தில்லை.

உங்கள் பதிவேட்டில் ரகத்தின் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போட்டுவிடுங்கள்: நட்டது யார், கவாத்து செய்தது யார்.