போல்டரில் வழியைத் தீர்மானிப்பது தண்ணீர்தான்

நெதர்லாந்தின் போல்டர் நிலத்தில் நடக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, வரைபடத்தில் இரண்டு ஊருக்கு நடுவே விரலால் கோடு இழுத்து "பத்து கிலோமீட்டர்தானே" என்று முடிவு கட்டுவது. மலையில்லை, காடில்லை, எல்லாம் சமதளம் என்று தோன்றும். ஆனால் போல்டர் என்பது சுற்றிலும் கரை போட்டு, உள்ளே சேரும் தண்ணீரை ஓயாமல் இறைத்தே வைத்திருக்கும் நிலம். வயலுக்கு வயல் வாய்க்கால். பாலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழி. கிலோமீட்டரை அப்புறம் எண்ணலாம், முதலில் பாலங்களை எண்ணுங்கள்.

எந்தப் போல்டர் என்பதும் முக்கியம். பேம்ஸ்டர் ஏரியை 1612-இல் காற்றாலைகளால் இறைத்து நிலமாக்கினார்கள், 1999-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கட்டம் கட்டமாக வகுத்த அந்த நிலம் வரைபடத்தில் அவ்வளவு அழகு. நடப்பவருக்கோ நூல் பிடித்த மாதிரி தார்ச்சாலை, திரும்பினால் இன்னொரு தார்ச்சாலை. அது சைக்கிளுக்கு ஏற்ற ஊர். காலால் நடப்பதற்கு என்றால் கௌடாவைச் சுற்றியுள்ள பீட் எனும் தாவர மண் நிலத்தைத்தான் சொல்வேன். அதிலும் கௌடாவிலிருந்து ஹாஸ்ட்ரெக்ட், ஹேக்கன்டோர்ப் வழியாக அவுடவாட்டர் வரை, ஹாலந்த்சே ஐசல் ஆற்றை ஒட்டிப் போகும் சுமார் 15 கி.மீ. ஒரு முழு நாளுக்கு நிறைவான நடை.

திசையை மாற்றாதீர்கள். இந்த நாட்டில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது, வழியில் ஒதுங்க ஒரு மறைப்பும் கிடையாது. கௌடாவிலிருந்து கிழக்கே நடந்தால் காற்று முதுகில் தள்ளும். எதிர்த்து வந்தால் அதே தூரம் ஒன்றரை மடங்காகத் தெரியும்.

கரைமேல் ஏறியதும் ஒரு நிமிடம் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் ஆற்று நீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்வாகப் புல்வெளி. வாய்க்கால் நீரைக் கீழேயிருந்து மேலே ஆற்றுக்கு ஏற்றுகிறார்கள். அன்று காற்றாலை செய்த வேலையை இன்று பம்ப் செய்கிறது. பீட் மண் மட்கியும் மட்காமலும் படிந்த தாவரம். தண்ணீரை வடித்தால் காற்று பட்டு மட்கி அமிழும், அமிழ்ந்தால் இன்னும் ஆழமாக இறைக்க வேண்டும். பல நூறு வருடங்களாக இந்தச் சுழற்சிதான். கரைமேல் நிற்கிறவருக்கு அது கண்ணெதிரே தெரிகிறது.

இங்குள்ள நிலம் 11 முதல் 13-ஆம் நூற்றாண்டுக்குள் ஒப்பந்தம் போட்டுத் திருத்தப்பட்டது. பங்குகள் நாடா மாதிரி நீளமானவை: நீளம் ஏறக்குறைய 1250 மீட்டர், அகலம் நூறு மீட்டரைச் சற்றுத் தாண்டும். வாய்க்காலோரப் பாதையில் இறங்கிவிட்டால் மறுமுனை வரும்வரை பக்கவாட்டில் திரும்ப வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் இறங்குவதற்கு முன்பே யோசியுங்கள்.

வாய்க்காலைத் தாண்டிக் குதிக்க நினைக்கவே வேண்டாம். கோடையில் அதன் மேல் சின்னச் சின்னப் பச்சை இலைகளாகத் தண்ணீர்ப்பாசி மூடி, வெட்டிவிட்ட புல்தரை போலவே தெரியும். ஓரமும் உறுதியில்லை, மிதித்தால் உள்வாங்கும். அடியில் சேறு. குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்காகவே கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

வழி கண்டுபிடிப்பது சுலபம். கிளைபிரியும் இடங்களில் எண் போட்ட கம்பங்கள் நிற்கும். எந்தெந்த எண்கள் வழியாகப் போக வேண்டும் என்று முன்னாடியே ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். நெடுந்தூரப் பாதைகளுக்கு வெள்ளை-சிவப்பு, வட்டாரப் பாதைகளுக்கு மஞ்சள்-சிவப்புப் பட்டை. பெருக்கல் குறி கண்டால் அது உங்கள் வழியல்ல, திரும்புங்கள்.

புல்வெளிப் பாதைகளில் பல மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மூடியிருக்கும். வசந்தத்தில் போய் நின்று "பூட்டிவிட்டார்களே" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. மூடுவதுதான் நியாயம். கருவால் மூக்கனும் ஆள்காட்டியும் தரையில் முட்டையிடும் பறவைகள். மனிதர் நெருங்கினால் தாய் எழுந்து போகும், முட்டை குளிர்ந்துவிடும். அந்த மாதங்களில் கரைச்சாலையிலேயே போங்கள், பறவைகள் அங்கிருந்தே நன்றாகத் தெரியும். நாய்க்குத் தடை என்று எழுதியிருந்தால் அதற்கும் காரணம் உண்டு. பறவைகள் ஒருபுறமிருக்க, நாயின் மலத்திலுள்ள ஒட்டுண்ணியால் பசுக்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும். வேலியில் மெல்லிய கம்பியோ நாடாவோ ஓடினால் மின்சாரம் இருக்கும், தொடாதீர்கள். நீங்கள் திறந்த கேட்டை மூடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிப் போங்கள்.

புல் பாதையில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் கணக்கு. காலைப் பனியிலேயே துணி ஷூ கணுக்கால்வரை நனைந்துவிடும். தண்ணீர் உள்ளே போகாத ஷூவும் மாற்றுச் சாக்ஸும் அவசியம். நடைபாதை இல்லாத கரைச்சாலையில் இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. நடுவில் கழிப்பறை கிடையாது, கிராமத்துக் காபிக்கடைகள் திங்கட்கிழமை பல இடங்களில் அடைத்திருக்கும். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

ஹேக்கன்டோர்ப் மதகருகே சற்று நில்லுங்கள். 1787-இல் ஆட்சித்தலைவர் ஐந்தாம் வில்லெமின் மனைவி வில்ஹெல்மினா ஹேக் நகருக்குப் போகும் வழியில், எதிரணியினர் அவரைத் தடுத்து இங்கேதான் ஒரு பண்ணைவீட்டில் வைத்திருந்தார்கள். அவருடைய அண்ணன் பிரஷ்ய மன்னர். சில மாதங்களில் பிரஷ்யப் படையே வந்துவிட்டது.

அவுடவாட்டரில் சூனியக்காரிகள் என்று சந்தேகப்பட்டவர்களை எடைபோட்ட தராசுவீடு இருக்கிறது. சூனியக்காரி என்றால் உடம்பு எடையே இல்லாமல் லேசாக இருக்கும் என்று அன்று நம்பினார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு உடம்புக்கேற்ற எடைதான் என்று இங்கே சான்றிதழ் கிடைத்தால் உயிர் பிழைத்தார். இன்றும் ஏறி நின்று சான்றிதழ் வாங்கலாம், மூடும் நேரத்தைப் பார்த்து வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ரயில் நிலையம் கிடையாது. கௌடாவுக்குத் திரும்ப பஸ்தான். ஏறும்போது வங்கி அட்டையைத் தட்டுங்கள், இறங்கும்போது மறக்காமல் மறுபடியும் தட்டுங்கள்.